குறைந்த விலை ‘ஆல் சாலிட்’ கிட்டார் வாங்கலாமா: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆறு ஆண்டுகளாகக் கிட்டார் வாசித்துவரும் ஒருவர், தம்மிடம் உள்ள, முழுவதும் லேமினேட் எனும் அடுக்குப் பலகையால் ஆன ட்ரெட்நாட் (அகன்ற பெரிய உடல் கொண்ட வடிவம்) கிட்டாரை ஒதுக்கிவிட்டு, முகப்பலகை, முதுகுப்பலகை, பக்கப்பலகைகள் என மூன்றும் ஒற்றை மரப்பலகையால் ஆன, விற்பனைப் பேச்சில் ‘ஆல் சாலிட்’ எனப்படும் அகூஸ்டிக் கிட்டார் ஒன்றை, அந்த வகையின் அடிமட்ட விலையில் வாங்கலாமா என்று கேட்டு வந்தார். கிட்டார் பழுதுபார்ப்பும் செட்டப்பும் (தந்திகளின் உயரத்தையும் கழுத்தையும் வாசிப்புக்கேற்பச் சரிசெய்வது) செய்யும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஆயினும் இந்த ஒரு நிகழ்வை முழுமையாக எழுதிவைப்பதற்குக் காரணம் உண்டு. அவர் அவசரப்படவில்லை, அளக்கச் சொன்னவற்றையெல்லாம் அளந்தார், இறுதியில் ஆல் சாலிட் கிட்டாரையே வாங்கினார் என்றாலும், அதை வாங்கியதற்கான காரணங்களின் வரிசையில் ‘ஆல் சாலிட்’ என்பது கடைசிக்குப் போய்விட்டது.

அவருடைய பணவரம்பு உறுதியானது. பழைய கிட்டாருக்குக் கொடுத்த விலையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. கிட்டார், பெட்டி, செட்டப் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பாட்டுக்குத் துணையாக, பிக் எனும் மீட்டும் தகடு இல்லாமல் விரல்களால் மீட்டுவதே அவருடைய வாசிப்பு. மேடையேறுவதில்லை என்பதால், ஒலிபெருக்கியோடு இணைக்க உதவும் பிக்கப் தேவையில்லை. இந்தக் கடைசி விவரம் சிறியதாகத் தோன்றினாலும், ஒரே விலையுள்ள இரண்டு கிட்டார்களில் ஒன்றில் பிக்கப்பும் பிரீஆம்பும் இருந்தால் அந்தச் செலவு மரத்திலிருந்தோ வேலைப்பாட்டிலிருந்தோதான் கழிந்திருக்கும் என்பதால், தேர்வுப் பட்டியலைப் பாதியாகக் குறைத்தது இதுதான்.

பழைய கருவியின் மேல் செய்த சோதனை

அவருடைய புகார்கள் இரண்டு. ஒரே விரலால் பல தந்திகளையும் சேர்த்து அழுத்தும் பார் கார்டு பிடித்தால் இடக்கை விரைவில் களைத்துவிடுகிறது. விரல் நுனியால் மென்மையாக மீட்டினால் ஒலி எழும்பாமல் அமுங்கிவிடுகிறது. இரண்டுக்கும் காரணம் கிட்டார் லேமினேட்டாக இருப்பதுதான் என்று அவர் முடிவுகட்டியிருந்தார். புதிய கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் பழையதை அளந்தோம். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்களில் பன்னிரண்டாவதன் உச்சிக்கும் தடித்த ஆறாம் தந்தியின் அடிக்கும் இடையே 3.4 மில்லிமீட்டர் இருந்தது. முதல் தந்திக்குக் கீழே 2.7. எஃகுத் தந்திக் கிட்டாரில் ஆறாம் தந்திக்கு 2.4, முதல் தந்திக்கு 1.8 என்ற அளவுகளை ஒட்டி, ஃப்ரெட்டிலிருந்து தந்தி நிற்கும் உயரம் ஆகிய ஆக்‌ஷனை வைப்பதே பொதுவான வழக்கம். கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் அமரும் நட்டின் பள்ளங்களும் ஆழம் போதாமல் இருந்தன; முதல் ஃப்ரெட்டிலேயே தந்தியை வலிந்து அழுத்த வேண்டியிருந்தது.

பன்னிரண்டாம் ஃப்ரெட் தந்தியின் நடுப்புள்ளியில் இருப்பதால், அங்கே ஆக்‌ஷன் ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் உடற்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். சேடில், அது பொருந்தியிருக்கும் மரக்கட்டையான பிரிட்ஜுக்கு மேல் நாலரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்ததால் குறைக்க இடம் தாராளமாக இருந்தது. கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை ஒட்டி, அதில் சேடிலின் அடிப்பக்கத்தைக் கோணம் மாறாமல் தேய்த்து இறக்கினேன். ஒவ்வொரு தந்தியின் தடிமனுக்கும் ஏற்ற அரத்தால் நட்டின் பள்ளங்களை ஆழப்படுத்தி, கழுத்துக்குள் ஓடும் உலோகக் கம்பியான டிரஸ் ராடைச் சற்றுத் திருகிக் கழுத்தின் வளைவைக் குறைத்து, புதிய பாஸ்பர் பிரான்ஸ் தந்திகளைப் பூட்டியதும் முதல் புகார் ஏறக்குறைய முழுவதும் தீர்ந்துவிட்டது.

புதிய கிட்டார் வாங்க நினைக்கும் எவரும் இந்தப் படியைத் தாண்டிச் செல்லக் கூடாது என்பது என் கருத்து. பழைய கருவியில் உள்ள குறைகளில் எது மரத்தால் வந்தது, எது வெறும் செட்டப்பால் வந்தது என்பது பிரிந்து தெரியாதவரை, புதிய கருவி தரும் சுகம் முழுவதையும் மரத்தின் கணக்கில் எழுதிவிடுவோம். இவர் விஷயத்தில் இரண்டாவது புகார் மட்டும் அப்படியே நின்றது. ஆக, இப்போது வாங்க வேண்டியது என்ன என்பது தெளிவாயிற்று: மென்மையான மீட்டலுக்கு உடனே பதில் சொல்லும் ஒரு கருவி.

பெயர்ப்பலகை சொல்வதும் சொல்லாததும்

லேமினேட் என்பது பிளைவுட்டின் தத்துவத்தில் செய்யப்படுவதே. மெல்லிய மர ஏடுகளை, நடு ஏட்டின் இழை குறுக்கே ஓடும்படி அடுக்கி, பசையிட்டு அழுத்திச் செய்கிறார்கள். எளிதில் வெடிக்காத, காற்றின் ஈரம் மாறினாலும் அதிகம் அசையாத பலகை கிடைக்கிறது. ஆனால் முகப்பலகைக்கு வேண்டிய குணம் வேறு. கிட்டார் செய்பவர்கள் ஸ்ப்ரூஸ் மரத்தைத் தேடிப் போவது, கன மீட்டருக்கு 400 முதல் 450 கிலோ என்ற குறைந்த எடையில் இழையின் நீளவாக்கில் மிகுந்த விறைப்பு அதற்கு இருப்பதால்தான். குறுக்குவாக்கில் அந்த விறைப்பில் பத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. அந்தக் குறுக்கு விறைப்பை எங்கே எவ்வளவு கூட்டுவது என்பதை உள்ளே ஒட்டப்படும் பிரேஸ் எனும் மரச்சட்டங்களால் செய்பவரே தீர்மானிக்கிறார். 1833இல் தொடங்கிய மார்ட்டின் நிறுவனம் 1840களில் கையாளத் தொடங்கி, இன்று எஃகுத் தந்திக் கிட்டார்களில் பெரும்பாலானவை பின்பற்றும் எக்ஸ் வடிவ பிரேஸ் அமைப்பு இந்த வேலைக்கானதே. குறுக்கே ஓர் ஏட்டையும் இரண்டு பசைப்படலங்களையும் நுழைத்துவிட்டால் எடை கூடுகிறது, அதிர்வு விரைவில் தணிகிறது, விறைப்பும் வேண்டாத திசைக்குப் போய்விடுகிறது. மென்மையான மீட்டல் அமுங்கிப்போவதற்கு இது போதும். எனவே அவருடைய இரண்டாவது புகார் நியாயமானது. ஆனால் அது முகப்பலகையைப் பற்றிய புகார். அதைத் தீர்க்க முகப்பலகை மட்டும் ஒற்றை மரமாக இருந்தாலே போதும்.

இங்கேதான் சந்தையின் படிநிலை குழப்புகிறது. எல்லாமே லேமினேட், முகப்பு மட்டும் சாலிட், எல்லாமே சாலிட் என்று மூன்று படிகள் இருப்பதாகவும் விலையும் தரமும் அதே வரிசையில் ஏறுவதாகவும் பலர் எண்ணுகிறார்கள். யமஹாவின் எஃப்ஜி800, சீகல் எஸ்6 ஆகியவை முகப்பு மட்டும் சாலிடாக உள்ளவை. அவை குறைந்த விலைக்கு நல்ல உதாரணங்கள் என்பது உண்மையே. ஆனால் டெய்லரின் 100, 200 வரிசைக் கிட்டார்களிலும் முதுகும் பக்கங்களும் அடுக்குப் பலகைதான். அவற்றின் விலை வேறு நிறுவனங்களின் ஆரம்பநிலை ஆல் சாலிட் கிட்டார்களைவிட அதிகம். அடுக்குப் பலகைக்கு யாரும் கூடுதல் பணம் கொடுப்பதில்லை. கழுத்தின் பொருத்தம், ஃப்ரெட் வேலை, ஒரு கருவிக்கும் அடுத்த கருவிக்கும் வேறுபாடு குறைவாக இருப்பது ஆகியவற்றுக்குத்தான் கொடுக்கிறார்கள்.

அப்படியானால் குறைந்த விலையில் ஆல் சாலிட் எப்படிச் சாத்தியமாகிறது? சீனாவிலும் இந்தோனேசியாவிலும் உள்ள தொழிற்சாலைகளில் தொகையாகச் செய்வது, மஹாகனிக்குப் பதிலாகச் சப்பேலி மரத்தைப் பயன்படுத்துவது, பளபளப்பு மெருகு இல்லாமல் மங்கலான மெல்லிய பூச்சோடு நிறுத்துவது, கட்அவே (கழுத்தருகே உடலில் விடப்படும் வெட்டு), அலங்காரம், பிக்கப் எதுவும் வைக்காமல் விடுவது என்று பல வழிகள் உள்ளன. இவற்றில் எதுவும் வாசிப்பவருக்கு நட்டமில்லை. நட்டம் வரக்கூடிய சேமிப்புகள் கண்ணுக்குத் தெரியாதவை: மரத்தைப் பதப்படுத்தும் காலம், கழுத்தைப் பொருத்தும்போது காட்டும் பொறுமை, உறுதிக்காக வேண்டியதைவிடத் தடிப்பாக விடப்பட்ட முகப்பலகையும் பிரேஸ்களும். கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். உத்தரவாதத்தின் பேரில் திரும்பி வரும் கருவிகளுக்கு அஞ்சித் தடிப்பாகக் கட்டப்பட்ட சாலிட் முகப்பு, கவனமாகக் கட்டப்பட்ட லேமினேட் முகப்பைவிடப் பெரிதாக எதையும் சாதித்துவிடாது. 1966இல் வெளிவந்த யமஹா எஃப்ஜி180 லேமினேட் கருவிதான். அதன் ஒலிக்காக அதை இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

விவரக் குறிப்பைப் படிக்கும் முறையையும் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. ‘ஸ்ப்ரூஸ் டாப்’ என்றோ ‘மஹாகனி உடல்’ என்றோ எழுதியிருந்தால், மேல் ஏடு அந்த மரம் என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. ‘சாலிட்’ என்ற சொல் எந்தப் பாகத்தோடு ஒட்டி வருகிறதோ அந்தப் பாகம் மட்டுமே சாலிட்.

முதுகுப்பலகை பற்றிய சான்றுகள்

ஒரே தொகைக்கு ‘முகப்பு மட்டும் சாலிட்’ கிட்டாரும் கிடைக்கிறது, ஆல் சாலிட் கிட்டாரும் கிடைக்கிறது என்றால், வேறுபாடு முதுகிலும் பக்கங்களிலும்தான் இருக்கிறது. அந்த வேறுபாடு காதுக்கு எட்டுமா என்பதே இந்த நிகழ்வின் மையக் கேள்வி.

ஸ்பானியக் கிட்டார் செய்முறையின் தந்தை எனப் போற்றப்படும் அந்தோனியோ தெ தோரெஸ், 1862இல் முகப்பை ஸ்ப்ரூஸ் மரத்திலும் முதுகையும் பக்கங்களையும் காகிதக்கூழ் அட்டையிலும் ஒரு கிட்டாராகச் செய்தார். ஒலியைப் பெரும்பாலும் முடிவுசெய்வது முகப்பலகையே என்ற தம் கருத்தை நிறுவுவதற்காக அவர் செய்த அந்தக் கருவி பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1930களின் செல்மர் மக்காஃபெரி கிட்டார்களின் முதுகும் பக்கங்களும் லேமினேட். ஆஸ்திரேலியாவின் கிரெக் ஸ்மால்மன் செய்யும், கச்சேரி மேடைகளில் ஒலிக்கும் உயர்விலைக் கிளாசிக்கல் கிட்டார்களிலும் கனத்த லேமினேட் முதுகே இருக்கிறது. பக்கமும் முதுகும் அசையாமல் நின்றால் தந்தியின் ஆற்றல் முகப்பிலேயே தங்கும் என்பது அந்த முறையின் கணக்கு.

2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. முதுகு, பக்க மரங்களைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒத்திருக்கும்படி ஆறு எஃகுத் தந்திக் கிட்டார்கள் செய்யப்பட்டன: பிரேசிலிய ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட் எனப்படும் ஈட்டி, மஹாகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். 52 கிட்டார் கலைஞர்கள், மரத்தைக் கண்ணால் அறிய முடியாதபடி மங்கிய ஒளியில் இருண்ட கண்ணாடி அணிந்து அவற்றை வாசித்து மதிப்பிட்டார்கள். விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு கொண்ட அந்த மரங்களுக்கு அவர்கள் தந்த ஒலி மதிப்பீட்டில் சொல்லத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

இந்த ஆய்வை அதன் எல்லைக்குள் வைத்தே படிக்க வேண்டும். அது ஒப்பிட்டது மர இனங்களை. சாலிடையும் லேமினேட்டையும் அது நேருக்கு நேர் நிறுத்தவில்லை. ஆகவே ‘முதுகு எதுவானாலும் ஒன்றே’ என்று அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் தோரெஸின் அட்டைக் கிட்டாரையும் லேமினேட்டை விரும்பிப் பயன்படுத்தும் கைவினைஞர்களையும் சேர்த்துப் பார்க்கும்போது, முகப்பலகை, உடலின் அளவு, கழுத்தின் பொருத்தம் ஆகிய மூன்றுக்கும் பின்னால்தான் முதுகுப்பலகை வந்து நிற்கிறது என்ற என் மதிப்பீட்டுக்கு அது துணை நிற்கிறது.

சாலிட் கிட்டார் வாசிக்க வாசிக்க ‘திறந்துகொள்ளும்’, அதாவது ஒலி மெருகேறும் என்ற நம்பிக்கையும் அவருக்கு இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல மரத்தின் வேதியியல் மாறுகிறது என்பது உண்மை. அதைச் செயற்கையாக விரைவுபடுத்தவே சில நிறுவனங்கள் முகப்பலகையை உயர் வெப்பத்தில் பதப்படுத்துகின்றன. ஆனால் இன்று மந்தமாக ஒலிக்கும் ஒரு கருவி பத்தாண்டில் எப்படி மாறும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. வாங்கும் நாளில் கேட்கும் ஒலிக்கு மட்டுமே பணம் கொடுங்கள், வரப்போகும் ஒலி வந்தால் அதை இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

அறையின் காற்று

ஒலியைப் பொறுத்தவரை முதுகுப்பலகை பின்வரிசையில் இருந்தாலும், பராமரிப்பில் அது முன்வரிசைக்கு வந்துவிடுகிறது. கிட்டார் நிறுவனங்கள் பெரும்பாலும் 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் கருவியை வைக்கச் சொல்கின்றன. அவருடைய அறை எப்படி இருந்தது என்பதை ஊகிக்காமல் அளக்க விரும்பினோம். மலிவான ஈரப்பதமானி பொய் சொல்லும் என்பதால் முதலில் அதைச் சோதித்தோம். ஒரு பாட்டில் மூடியில் சாதாரண உப்பை வைத்து, கரையாமல் ஈரக்களிம்பாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் சொட்டி, அதையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத டப்பாவில் மூடி ஓர் இரவும் பகலும் விட்டுவைத்தால் உள்ளே இருக்கும் காற்று 75 சதவீதத்தில் நிலைபெறும். அவருடைய கருவி 71 காட்டியது. அன்றிலிருந்து அது காட்டும் எண்ணோடு நான்கைக் கூட்டிக் குறித்துக்கொண்டார்.

மழை மாதங்களில் அறையின் ஈரப்பதம் 70க்கு மேல் நின்றது. குளிரூட்டி ஓடும் இரவுகளில் 45 வரை இறங்கியது. இது மரத்துக்கு என்ன செய்யும் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 45 சதவீதக் காற்றில் மரத்தின் உள்ளே ஏறத்தாழ 8 சதவீத ஈரம் இருக்கும்; 75 சதவீதக் காற்றில் நீண்ட காலம் இருந்தால் அது 14ஐ நெருங்கும். கிட்டார் முகப்பின் அகலமான பகுதி சுமார் 400 மில்லிமீட்டர். கட்டுப்பாடில்லாத சிட்கா ஸ்ப்ரூஸ் பலகையானால் அந்த மாற்றத்துக்கு மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு விரியும். ஆனால் விளிம்புகளில் பக்கங்களும் அடியில் பிரேஸ்களும் பிடித்துக்கொண்டிருப்பதால் அது விரிய இடமின்றி மேல்நோக்கி உப்புகிறது, பிரிட்ஜ் உயர்கிறது, ஆக்‌ஷன் ஏறுகிறது. வறட்சியில் இதற்கு நேர்மாறு: முகப்பு தட்டையாகிறது, தந்திகள் ஃப்ரெட்டில் உரசி இரைகின்றன, ஃப்ரெட்போர்டு சுருங்கி ஃப்ரெட் நுனிகள் விரலில் கீறுகின்றன, அதையும் கவனிக்காவிட்டால் பலகை இழைவாக்கில் வெடிக்கிறது.

‘முகப்பு மட்டும் சாலிட்’ கிட்டாருக்கும் இந்தத் தொல்லை உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முகப்புக்காக எப்படியும் ஈரப்பதத்தைக் கவனித்தாக வேண்டும் என்னும்போது, ஆல் சாலிட் கிட்டார் கூடுதலாகக் கேட்கும் கவனம் பேச்சில் சொல்லப்படும் அளவுக்குப் பெரிதல்ல. இல்லை என்றும் சொல்ல முடியாது. மஹாகனியைவிடச் சப்பேலி அதிகமாக விரிந்து சுருங்கும் மரம். ரோஸ்வுட் முதுகில் வெடிப்பு விழுவதைப் பழுதுபார்ப்பவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். கிட்டாரைச் சுவரில் மாட்டிவைப்பதும் அறை மூலையில் ஸ்டாண்டில் நிறுத்திவைப்பதும்தான் ஒருவரின் வழக்கம், அதை மாற்ற மனமில்லை என்றால், ஆல் சாலிட் அவருக்கு வேண்டாம். எங்கள் நிகழ்வில் வாங்குபவர் பெட்டியில் வைக்கும் பழக்கத்தை ஏற்றுக்கொண்டார். மூடிய பெட்டிக்குள் காற்று மெதுவாகவே மாறும். ஈரம் குறைந்தால் விடுவதும் கூடினால் உறிஞ்சுவதுமாக வேலை செய்யும் இருவழி ஈரப்பதப் பைகளை உள்ளே வைத்துவிட்டால் போதும். அந்தப் பைகளின் தொடர்செலவும் பெட்டியின் விலையும் பணவரம்புக்குள் சேர்க்கப்பட்டன. கிட்டாருக்கு எஞ்சிய தொகை அதற்கேற்பக் குறைந்தது.

மூன்று கருவிகள்

கடைசிப் பட்டியலில் இரண்டு மாடல்களே மிஞ்சின. ஒன்று, ஸ்ப்ரூஸ் முகப்பும் சப்பேலி முதுகும் கொண்ட ஆல் சாலிட், ஓஎம் எனப்படும் இடை சிறுத்த வடிவம். மற்றொன்று, சாலிட் ஸ்ப்ரூஸ் முகப்பும் லேமினேட் முதுகும் கொண்ட ட்ரெட்நாட். ஆல் சாலிட் மாடலில் இரண்டு கருவிகள் கைக்குக் கிடைத்ததால் மொத்தம் மூன்றைப் பார்த்தோம்.

முதலாவது ஆல் சாலிட் கருவியின் ஒலி அவரை உடனே கவர்ந்தது. கட்டைவிரலால் ஆறாம் தந்தியைத் தொட்ட மாத்திரத்தில் முகப்பு எழுந்து பேசியது. ஆனால் ஆக்‌ஷன் 3.0 மில்லிமீட்டர், சேடில் பிரிட்ஜுக்கு மேல் இரண்டு மில்லிமீட்டர்தான் தெரிந்தது. நேர்விளிம்பு கொண்ட நீண்ட அளவுகோலை ஃப்ரெட்களின் மேல் படியவைத்து பிரிட்ஜ் வரை நீட்டினால், அதன் நுனி பிரிட்ஜின் மேல்தளத்தை ஒட்டி வந்து நிற்க வேண்டும். இதில் அது மேல்தளத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் கீழே பிரிட்ஜின் முகத்தில் இடித்தது. கழுத்து பொருத்தப்பட்ட கோணமே பிழை என்று பொருள்.

“சத்தம் இதில்தான் நன்றாக இருக்கிறது. கழுத்தை அப்புறம் சரிசெய்துகொள்ள முடியாதா?” என்று கேட்டார்.

முடியும். கழுத்தைக் கழற்றி, அடிப்பகுதியைச் செதுக்கி, புதிய கோணத்தில் மீண்டும் பொருத்துவதற்கு நெக் ரீசெட் என்று பெயர். போல்ட் போட்ட கழுத்தானால் வேலை எளிது. இந்த மாடலில் கழுத்து டவ்டெயில் இணைப்பில் பசையிட்டு ஒட்டப்பட்டிருந்தது. நீராவி செலுத்திப் பசையை இளக்கித்தான் எடுக்க வேண்டும். உயர்விலைக் கிட்டாருக்கு அந்தச் செலவு தாங்கும். இந்த விலைக் கிட்டாருக்கு அது கருவியின் விலையையே நெருங்கிவிடும். ஆகவே, எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும், புதிதாக இருக்கும்போதே கோணம் தவறியிருக்கும் குறைந்த விலைக் கிட்டாரை எடுக்கவே கூடாது. தந்திகள் எழுபது கிலோ அளவுக்கு விசை கொடுத்து ஆண்டுக்கணக்கில் இழுக்கும்போது கோணம் இன்னும் மோசமாகுமே ஒழிய மேம்படாது. அவர் மனமில்லாமல்தான் அதைத் திருப்பி வைத்தார்.

அதே மாடலின் இரண்டாவது கருவியில் அளவுகோல் பிரிட்ஜின் மேல்தளத்தைச் சரியாகத் தொட்டது. சேடில் மூன்றரை மில்லிமீட்டர் உயரம். உண்மையிலேயே ஆல் சாலிட்தானா என்பதையும் பார்த்தோம். ஒலித்துளையின் விளிம்பில் முகப்பின் மேல்பரப்பில் தெரிந்த இழைக்கோடுகள் தடிமனுக்குள்ளும் தொடர்ந்து இறங்கின. லேமினேட்டாக இருந்தால் அங்கே ஏடுகளின் அடுக்கு தெரியும். முதுகின் வெளிப்புறத்தில், இடுப்புக்குச் சற்றுக் கீழே, கட்டைவிரல் அகலத்தில் ஒரு கருங்கீற்று இருந்தது. சிறு கண்ணாடியையும் விளக்கையும் ஒலித்துளை வழியாக நுழைத்துப் பார்த்தபோது, உட்புறத்தில் நேர் எதிரே அதே கீற்று அதே சாய்வில் தெரிந்தது. உள் ஏட்டிலும் அதே மர இனத்தை ஒட்டி ஏமாற்ற முடியும். ஆனால் ஒரே கீற்றை இரண்டு பக்கமும் பொருத்திவைக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். ஒலியில் இது முதலாவதைவிட ஒரு துளி அடக்கம். ஒரே மாடலின் இரண்டு கருவிகளுக்கு இடையே இந்த அளவு வேறுபாடு இருந்ததே, மாடலின் பெயரைப் பார்த்து வாங்காமல் கையில் உள்ள கருவியைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதற்குப் போதுமான காரணம்.

மூன்றாவதான லேமினேட் முதுகு ட்ரெட்நாட்டின் வேலைப்பாடு மூன்றிலும் சிறந்தது. ஃப்ரெட் நுனிகள் மழமழவென்று இருந்தன; கழுத்தின் கோணத்தில் குறையே இல்லை. அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி, இரண்டாவதையும் மூன்றாவதையும் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டினேன். எல்லாத் தந்திகளையும் சேர்த்து வீசி மீட்டியபோது எது எது என்று அவரால் நிலையாகச் சொல்ல முடியவில்லை. சில முறை லேமினேட் முதுகையே ஆல் சாலிட் என்றார். விரல்களால் மென்மையாக மீட்டியபோது மட்டும் தடுமாறாமல் ஓஎம்மைத் தேர்ந்தெடுத்தார்.

இதைச் சாலிட் முதுகின் வெற்றி என்று எழுதிவிடலாம். அவரும் அப்படித்தான் எண்ணினார். ஆனால் இரண்டு கருவிகளின் வடிவமே வேறு. உடல் சிறிதாகவும் இடை ஒடுங்கியும் உள்ள ஓஎம்மில் தாழ்ந்த சுரங்களின் அதிர்வு குறைவாக இருப்பதால், விரல் மீட்டலில் ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்கும். தந்திகளுக்கு இடையே உள்ள இடமும் வேறு: ஓஎம்மின் நட் அகலம் 44.5 மில்லிமீட்டர், அந்த ட்ரெட்நாட்டினுடையது ஏறத்தாழ 43. இந்த ஒன்றரை மில்லிமீட்டர் எண்ணில் சிறிது. விரல் நுனி பக்கத்துத் தந்தியைத் தொட்டு அமுக்கிவிடுவதும் விடாததும் அதில்தான் இருக்கிறது. ஆறு ஆண்டுகளாக ட்ரெட்நாட்டில் அவருக்குக் கிடைக்காதது சாலிட் மரம் மட்டுமல்ல; தம் வாசிப்புக்கு ஏற்ற உடலளவும் கழுத்தகலமும் கூட. அந்தச் சோதனையால் முதுகுப்பலகையின் பங்கைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. அதே ஓஎம் வடிவில் லேமினேட் முதுகுள்ள கருவி ஒன்று அதே விலைக்கு அன்று கிடைத்திருந்தால், தேர்வு கடினமாகியிருக்கும். நான் அதன் பக்கம் சாய்ந்திருக்கவும் கூடும்.

முடிவும் பிற்பாடும்

அவர் இரண்டாவது கருவியை வாங்கினார். காரணங்களை, எடையின் வரிசையில், அவரையே சொல்லச் சொன்னேன். கழுத்தின் கோணம் சரியாக இருந்ததும் சேடிலில் இன்னும் குறைக்க இடம் இருந்ததும் முதலில் வந்தன; அடுத்து உடலின் வடிவமும் நட்டின் அகலமும்; அதன் பின் மென்மையான மீட்டலுக்கு முகப்பலகை தந்த பதில்; கடைசியாக, தொகை ஒன்றே என்பதால் கிடைத்த சாலிட் முதுகு. கூடுதல் பணம் கொடுத்துத்தான் அந்த முதுகைப் பெற வேண்டும் என்றிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன் என்பதும், அவருடைய அறையில் பெட்டிக்கு இடமில்லை என்றிருந்தால் ட்ரெட்நாட் பக்கமே போகச் சொல்லியிருப்பேன் என்பதும் இந்த முடிவோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை.

வாங்கிய கையோடு செட்டப் செய்து ஆறாம் தந்தியை 2.3 மில்லிமீட்டரில் வைத்தோம். மழை மாதங்களின் நடுவில் அவர் அளந்தபோது அது 2.6ஆக உயர்ந்திருந்தது, பெட்டிக்குள் ஈரப்பதம் 58. சேடிலைக் குறைக்க வேண்டாம், பைகளை மட்டும் மாற்றுங்கள் என்றேன். ஈரம் ஏறிய பருவத்தில் சேடிலைத் தேய்த்துவிட்டால், காற்று உலர்ந்ததும் தந்தி ஃப்ரெட்டில் இரையத் தொடங்கும். தேய்த்ததை வளர்க்க முடியாது. பருவம் மாறிய பின் அளவு 2.4க்குத் திரும்பியது. முதுகில் வெடிப்போ, பிரேஸ்களில் ஒட்டு விட்டதோ தென்படவில்லை. பன்னிரண்டாம் ஃப்ரெட் அளவையும், சேடில் பிரிட்ஜுக்கு மேல் நிற்கும் உயரத்தையும், அளவுகோலின் நுனி பிரிட்ஜில் எங்கே தொடுகிறது என்பதையும் ஆண்டுக்கு இருமுறை, ஈரம் மிகுந்த பருவத்தில் ஒன்றும் உலர்ந்த பருவத்தில் ஒன்றுமாக, ஒரே தாளில் குறித்துவரச் சொல்லியிருக்கிறேன். பருவத்தோடு ஏறி இறங்கும் எண்களுக்குப் பைகளை மாற்றினால் போதும். பருவம் மாறியும் இறங்காமல், ஒவ்வோர் ஆண்டும் சிறிது சிறிதாக ஏறிக்கொண்டே போகும் எண் தெரிந்தால் மட்டுமே கருவியை மீண்டும் என் மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.